நிறுத்தி வைத்த கார்

1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் பகுதியிலிருந்த லயன்ஸ் டிராக் (நேர்கோட்டு வேக) பந்தயத் தளத்தில் டான் கார்லிட்ஸ் தன் காரில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தார். அந்தக் காலத்து டிராக்ஸ்டர் கார்களில் எஞ்சின் முன்னால், ஓட்டுநர் பின்னால். கிளட்சும் கியர் பெட்டியும் அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும். விளக்கு விழுந்து கார் கிளம்பிய கணத்தில் கியர் பெட்டி வெடித்தது. கார் இரண்டாக முறிந்தது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் முன்பகுதி போயிற்று. தெறித்த இரும்பு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரையும் படுகாயப்படுத்தியது.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே கார்லிட்ஸ் எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுநரை முன்னால் உட்காரவைக்கும் காரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். ‘ஸ்வாம்ப் ரேட் 14’ என்ற அந்தக் கார் 1971-இல் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தை வென்றது. சில ஆண்டுகளுக்குள் முன் எஞ்சின் வைத்த கார்கள் உச்சப் பிரிவிலிருந்தே காணாமல்போயின. ஒருவருடைய பாதி பாதத்துக்கு ஈடாக ஒரு விளையாட்டின் வண்டி வடிவமே மாறியது.

அமெரிக்காவில் ஹாட் ராட் பித்துப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, புகைப்படக்காரர்கள் சூழ நடந்த விபத்து அது. ஆனால் அதே கலிஃபோர்னியாவில், அதே மாதிரிக் கார் ஒன்றின் அடியில், தன் வீட்டு கேரேஜில் தனியாகப் படுத்து வேலை பார்க்கும் ஒருவர்மேல் வண்டி இறங்கிவிட்டால் எந்தக் காரின் வடிவமும் மாறப்போவதில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில் நாலு வரி வந்தால் அதிகம்.

ஹாட் ராட் என்பது கடையில் வாங்கும் கார் இல்லை. பழைய காரைப் பிரித்து, வேண்டாததைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினை உட்காரவைத்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, ஓட்டுபவரே கட்டிக்கொள்வது. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் 221 கன அங்குல வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் காரில் வைத்து விற்றது. 65 குதிரைசக்தி. இன்றைய கணக்கில் அது சொற்பம்தான். ஆனால் அந்த எஞ்சின் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தபோது தெற்குக் கலிஃபோர்னியப் பையன்களின் கையில் மலிவாகச் சிக்கியது. அதற்கு முந்தைய மாடல் டி, மாடல் ஏ கார்களின் உடல்கள் ஏற்கெனவே கேட்பாரற்றுக் கிடந்தன. மியூராக், எல் மிராஜ் என்று தண்ணீர் வற்றிய ஏரிப் படுகைகளில் அவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் பல கார்கள் ஒரே நேரத்தில் வரிசையாகப் பாயும். முதல் கார் கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவருக்கு எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அடிபட்டார்கள், செத்தார்கள். 1937-இல் கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணக்குச் சங்கத்தை அமைத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் இதற்கு வேகம் கூட்டினார்கள். அவர்களில் பலர் விமானத்தையும் டாங்கியையும் பழுதுபார்த்துப் பழகிய கைகள். ராணுவம் கழித்துக்கட்டிய சாமான்கள் சல்லிசாகக் கிடைத்தன. 1946-இல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் எரிபொருள் டேங்கை வாங்கி அதையே கார் உடலாக்கி ஓட்டினார். விமான இருக்கையின் இடுப்புப் பட்டைகளும் இப்படித்தான் காருக்குள் வந்தன. டெட்ராய்ட் கார்களில் சீட் பெல்ட் பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஊரார் ‘தறுதலைகள்’ என்று திட்டிய பையன்களின் இடுப்பில் அது இருந்தது என்பது பலருக்கு நினைவில் இல்லாத ஒரு வேடிக்கை.

1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியபோது தெருப் பந்தயங்களைக் கண்டு பொதுமக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். போலீஸ் ஒருபுறம், பத்திரிகைகள் மறுபுறம். பாதுகாப்பு என்ற சொல்லைத் தன் சின்னத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டது சங்கம். 1954-இல் ஒரு காரும் அதன்பின் ஒரு டிரெய்லருமாக நான்கு பேர் நாடு முழுக்கச் சுற்றினார்கள். அவர்களில் பட் கூன்ஸ் பொமோனா காவல்துறையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளில் பந்தயத்தை எப்படி நடத்துவது, ஒவ்வொரு காரையும் எப்படிப் பரிசோதிப்பது என்று ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார்கள். (சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்ததும் ஒரு போர்க்கால ஓடுபாதையில்தான். போர் விட்டுப்போன சிமென்ட் தளங்கள் இரண்டு கண்டங்களில் ஒரே வேலைக்குப் பயன்பட்டிருக்கின்றன.)

அந்தப் பரிசோதனை வரிசையில்தான் விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஃப்ளைவீலை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினின் பின்முனையில் கிளட்சோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டு அது. பழைய கார்களில் வார்ப்பிரும்பு. தொழிற்சாலை நினைத்த வேகத்தில் சுற்றும்வரை பிரச்சினை இல்லை. சுற்றும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் வட்டைப் பிய்த்து எறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுத்து எச்சரிக்காது. சட்டென்று உடையும். உடைந்த துண்டுகள் தரைத் தகட்டையும் முன்பலகையையும் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டுபவரின் முழங்காலும் பாதமும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே எஃகு ஃப்ளைவீல் வந்தது, அதைச் சுற்றிக் கால் அங்குலத் தடிமனுள்ள எஃகுக் கவசம் வந்தது. கவசம் இல்லாத வேகமான காரைப் பரிசோதகர் ஓடுதளத்துக்குள் விடமாட்டார். ஹெல்மெட், கவிழ்ந்தால் தாங்கும் வளைவுக் குழாய், தீப்பிடிக்காத உடை எல்லாமே இப்படி ஏதோ ஒரு ரத்தத்துக்குப் பிறகு வந்தவை.

கேரேஜுக்கு அந்தப் பரிசோதகர் வருவதில்லை.

ஓடுதளத்தில் கார் ஓடுவது சில நொடிகள். அதைக் கட்ட ஆகும் காலம் ஆண்டுக்கணக்கில். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி வேலை முடிந்து வந்த இரவுகளிலும் சனி ஞாயிறுகளிலும் கழிகிறது. களைப்பு, அரை வெளிச்சம், துணைக்கு ஆள் கிடையாது. மணிக்கு இருநூறு மைல் வேகத்துக்கான கவசங்களை யோசித்து யோசித்து வாங்குகிறவர், காரை அந்தரத்தில் தூக்கி நிறுத்த மரக்கட்டையைத் தேடுகிறார். கார் நகராமல் நிற்கிறது என்பதாலேயே அது அபாயமற்றது என்று தோன்றிவிடுகிறது போலும். உண்மையில் டேங்கில் பெட்ரோல், பேட்டரியில் மின்சாரம், சுருள்வில்லில் அமுக்கி வைத்த விசை, தலைக்கு மேல் முழுக் காரின் எடை என்று நிற்கிற காரிலும் எல்லாமே தயாராகத்தான் இருக்கின்றன.

முதலில் பெட்ரோல். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கேரேஜ் வீட்டோடு ஒட்டியது. துணி உலர்த்தும் இயந்திரம், பழைய ஃபிரீசர், பல வீடுகளில் கேஸ் கீசர் எல்லாம் அங்கேதான் நிற்கும். கேஸ் கீசரின் அடியில் சின்னச் சுடர் ஒன்று இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாக, கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரிலும் பெட்ரோல் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடுகிறது என்பதால் ‘இன்று குளிராகத்தானே இருக்கிறது’ என்ற சமாதானம் செல்லாது. கார்புரேட்டரைக் கழற்றித் தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிறவர் கேரேஜின் இந்த மூலையில் இருப்பார். தீ அந்த மூலையிலிருந்து வரும்.

கேரேஜில் சுடரோ பொறியோ உண்டாக்கும் சாதனம் தரையிலிருந்து 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் சொல்வது இந்த ஊர்ந்துவரும் ஆவிக்காகத்தான். 2003-லிருந்து அங்கே புதிதாகச் செய்யப்படும் வழக்கமான கேஸ் கீசர்களில், வெளியே இருக்கும் ஆவிக்கு உள்சுடர் தாவாதபடி தடுக்கும் அமைப்பும் வந்துவிட்டது. பழைய கீசர் பழைய வீட்டில் அப்படியே இருக்கிறது. ஹாட் ராட் கட்டுகிறவர்களுக்குப் பழைய வீடும் பிடிக்கும்.

பெட்ரோல் டேங்குக்குப் பற்றவைப்பு வேலை என்றால் இன்னொரு விசித்திரம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. நிறைந்திருந்தால் ஆவிக்கு இடம் குறைவு. காலியானதாக நினைக்கும் டேங்கின் மூலைமடிப்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பெட்ரோல், உள்ளிருக்கும் காற்றோடு வெடிப்பதற்கு வாகான விகிதத்தில் கலந்துகொண்டு காத்திருக்கும். கழுவினேன், வெயிலில் காயவைத்தேன், வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த டேங்க்தானே என்ற நம்பிக்கைகளோடு டார்ச்சைக் கொண்டுபோனவர்கள் உண்டு. தொழில் தெரிந்த வெல்டர் டேங்கை வெந்நீரும் சோப்பும் விட்டு அலசி, வேலை செய்யும் இடத்துக்கு அருகே வரை தண்ணீரை நிரப்பி, அல்லது மந்த வாயுவை உள்ளே விட்டு, அதன் பிறகே கை வைப்பார். நம் ஊர் லாரிப் பட்டறைகளிலும் இது தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் நடக்கிறது.

கேஸ் வெல்டிங்கில் அசிட்டிலீன் தனி ஜாதி. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறினால் தீயே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு. அதனால்தான் சிலிண்டருக்குள் அதை வெறுமனே அடைப்பதில்லை. நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அதற்குள் கரைத்து வைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்கவைத்துப் பயன்படுத்தினால் அசிட்டோனே குழாய்க்கு வந்துவிடும். ரெகுலேட்டரின் முகப்பில் 15-க்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பது அலங்காரத்துக்காக இல்லை.

2022 நவம்பர் 12 அன்று பர்பேங்க் நகரில் தன் கார்க் கொட்டகையில் ஜே லெனோ ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். ‘டுநைட் ஷோ’வைப் பல ஆண்டுகள் நடத்திய நகைச்சுவையாளர், அமெரிக்காவின் பெரிய கார் சேகரிப்புகளில் ஒன்றின் சொந்தக்காரர், வேலைக்குக் கை அழுக்காவதை விரும்புகிறவர். அப்போது அவருக்கு வயது 72. கார் 1907-ஆம் ஆண்டின் ஒயிட் நீராவிக் கார். ஹாட் ராட் இல்லைதான், ஆனால் கேரேஜ் ஒன்றுதான். கிளீவ்லாந்தில் செய்யப்பட்ட ஒயிட் நீராவிக் கார்கள் ஒரு காலத்தில் பெரும் மதிப்புப் பெற்றவை. குடியரசுத் தலைவர் டாஃப்டின் வெள்ளை மாளிகைக் கார்களில் ஒன்றும் ஒயிட் நீராவிக் கார். அதில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அடுப்பு பெட்ரோலில் எரிகிறது. அடுப்பைப் பற்றவைக்க ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

அன்று எரிபொருள் குழாய் அடைத்திருந்தது. லெனோ கீழே இருந்தபடி, உடனிருந்த நண்பரைக் குழாய்க்குள் காற்றை ஊதச் சொன்னார். கார்புரேட்டர் துளையில் தூசி அடைத்தால் எவரும் செய்கிற வேலை. அடைப்பு விட்டது. விட்ட வேகத்தில் பெட்ரோல் அவர் முகத்தில் பீய்ச்சியது. சுடர் தாவியது. முகம், மார்பு, கைகள் எரிந்தன. நண்பர் அங்கே இருந்தார் என்பதுதான் கதையின் மிச்சப் பகுதி. காருக்கு அடியிலிருந்து அவரை வெளியே இழுத்துத் தீயை அணைத்தார் அவர். கிராஸ்மன் தீக்காய மையத்தில் தோல் ஒட்டுச் சிகிச்சை, அழுத்தக் கூண்டில் ஆக்சிஜன் சிகிச்சை. நவம்பர் 21-இல் லெனோ வீடு திரும்பினார், அதே மாதக் கடைசியில் ஹெர்மோசா பீச்சில் மேடையேறி ஜோக் சொன்னார். அடுத்த ஜனவரியில் 1940-ஆம் ஆண்டு இந்தியன் மோட்டார் சைக்கிளில் போகும்போது குறுக்கே கட்டியிருந்த கம்பி தெரியாமல் விழுந்து எலும்பு முறித்துக்கொண்டது வேறு கதை.

லெனோ கற்றுக்குட்டி இல்லை. அவரிடம் கருவிக்குப் பஞ்சமில்லை, இடத்துக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லை. சுடரை அணைத்துவிட்டு, ஆறவிட்டு, பிறகு ஊதியிருக்கலாம் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. அடைப்பு ஒரு சின்ன வேலை, இரண்டு நிமிஷத்தில் முடியும் என்ற நினைப்புக்கு அனுபவசாலிதான் அதிகம் ஆட்படுகிறார். அதே குழாயைப் பலமுறை ஊதி ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும். அந்தப் பலமுறைகள்தான் அவரை அங்கே படுக்கவைத்தன என்று சொன்னால் தவறில்லை.

தீக்கு அடுத்தது எடை. ஜாக்கி காரைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட் என்பது மெக்கானிக் பையனுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும், கார் மெல்ல மெல்லவோ திடீரென்றோ இறங்கும். சிமென்ட் ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுப்பது இன்னும் மோசம். சுவரில் பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும் அந்தக் கல், காரின் சட்டம் ஒரே புள்ளியில் அழுத்தும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் நொறுங்கும்.

ஆனால் ஸ்டாண்டே ஏமாற்றினால்? 2020 மார்ச்சில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்கக் கருவிக் கடைத் தொடர், ‘பிட்ஸ்பர்க்’ என்ற பெயரில் விற்ற மூன்று டன், ஆறு டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மொத்தம் 17 லட்சம் அளவுக்கு. இந்த ஸ்டாண்டின் அமைப்பு எளிது. நடுவே பல் வெட்டிய தூண், பக்கத்தில் அந்தப் பல்லுக்குள் நுழைந்து பிடிக்கும் ஒரு இரும்பு நாக்கு. தூணைத் தூக்கினால் நாக்கு ஒவ்வொரு பல்லாக விழும். கார் அதன்மேல் இறங்கியதும் எடையே நாக்கைப் பல்லோடு இறுக்குகிறது. தொழிற்சாலையில் அச்சுகள் தேய்ந்துபோனதால் பல் இருக்க வேண்டிய ஆழத்தில் இல்லை. நாக்கு முழுக்க நுழையாமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. அடியில் படுத்திருப்பவர் இறுகிய போல்ட் ஒன்றை நெம்பும்போது கார் சற்றே அசைந்தால் போதும், நாக்கு நழுவித் தூண் உள்ளே இறங்கிவிடும். அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு அறிவிப்பு வந்தது. இவற்றுக்கு மாற்றாக விற்ற மாடல் ஒன்றில் வெல்டிங் குறை.

ஸ்டாண்டை வாங்கியவர்கள் கஞ்சர்களோ கவனமற்றவர்களோ இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் பலர் பழைய மெக்கானிக்குகளின் பழக்கத்துக்குத் திரும்பினார்கள்: ஸ்டாண்டில் ஏற்றிய பின் காரைத் தோளால் இடித்து ஆட்டிப் பார்ப்பது, ஜாக்கியைக் கொஞ்சம் பாரம் தொடும்படி அப்படியே விட்டுவைப்பது, கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்குக் கீழே படுக்கவைப்பது. சக்கரம் எப்படியும் கழன்று கிடக்கிறது. அதைச் சுவரோரம் உருட்டிவிடுவதற்குப் பதில் காருக்கு அடியில் தள்ளக் கூடுதலாக ஒரு நொடிகூட ஆகாது. கார் இறங்கினாலும் ஓர் ஆள் கிடக்கும் அளவுக்கு இடைவெளி மிஞ்சும். மார்பின்மேல் பாரம் இறங்கியவருக்கு எலும்பு முறியாவிட்டாலும் மூச்சை உள்ளே இழுக்க விலா விரியாது. கத்தவும் காற்று இருக்காது. பக்கத்து அறையில் ஆள் இருந்தும் தெரியாமல் போவது இதனால்தான்.

சின்னச் சின்னவை வேறு இருக்கின்றன. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஸ்பேனர் போடும்போது கல்யாண மோதிரம் காரின் இரும்பைத் தொட்டால், வெறும் 12 வோல்ட்தான், ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். விரலைச் சுற்றி மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும். கம்பி பிரஷ் சுற்றும் கிரைண்டரில் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்தால் கையுறையோடு கையையும் இழுத்துக்கொள்ளும். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு. ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் அதற்கு மணம் கிடையாது.

சத்தமில்லாமல் கொல்பவை பட்டியலில் பின்னால் வருகின்றன, ஏனென்றால் அவை பல வருஷம் கழித்து வருகின்றன. ஐம்பதுகளின் வளைவு நெளிவான கஸ்டம் கார்களைக் கட்டியவர்கள் இணைப்புகளையும் பள்ளங்களையும் நிரவ ஈயத்தை உருக்கிப் பூசினார்கள். மரத்தட்டையால் வழித்து, அரத்தால் ராவி, கண்ணாடிபோல் ஆக்குவார்கள். இன்று டிங்கரிங் கடைகளில் தேய்க்கும் பட்டிக்கு முந்தைய வேலை அது. அரத்தால் ராவினால் ஈயம் சுருள்சுருளாகத் தரையில் விழும். அவசரத்துக்கு கிரைண்டர் வைத்தால் தூளாகி மூச்சில் போகும். ஈயம் கலந்த பெட்ரோலில்தான் கையும் கழுவினார்கள். அந்தப் பெட்ரோலில் இருந்த ஈயச் சேர்மம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடுவது அன்றாட வழக்கம். பிரேக் லைனிங்கில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். நடிகரும் பந்தயப் பிரியருமான ஸ்டீவ் மெக்வீன் 1980 நவம்பர் 7-இல் தன் ஐம்பதாவது வயதில் இறந்தது ஆஸ்பெஸ்டாஸோடு தொடர்புடைய மீசோதீலியோமா புற்றுநோயால். கடற்படைத் தரைப்பிரிவில் இருந்தபோது கப்பலில் பட்டதா, பந்தய உடைகளில் இருந்ததா என்று பேசப்பட்டது. பழைய காரை ‘அசல் பாகங்களோடு’ மீட்டெடுக்கிறோம் என்று பெருமைப்படுகிறவர்கள் அந்த அசலில் லைனிங்கும் சேர்த்தி என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரேக் கிளீனர் ஸ்பிரே விஷயம் கெட்டிக்காரர்களையே மாட்டிவைத்தது. அதில் ஒருவகை டெட்ராகுளோரோஎத்திலீன் கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக எடுக்கும், தீப்பிடிக்காது. தீப்பிடிக்காதது என்பதாலேயே பாதுகாப்பானது என்று நினைத்து, வெல்டிங் போடும் இடத்தை அதைக் கொண்டு துடைத்துவிட்டு உடனே ஆர்க் வைத்தால் மிச்சமிருக்கும் ஈரம் வெல்டிங் வெப்பத்திலும் புறஊதா ஒளியிலும் சிதைந்து ஃபாஸ்ஜீன் உண்டாகிறது. முதல் உலகப் போரில் விஷ வாயுவால் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்ற வாயு. சுவாசித்தவருக்கு அப்போதைக்கு இருமல்தான். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாளுக்குப் பிறகும். 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த ரசாயனத்தின் வீட்டு உபயோகங்களை ஒழிக்கும் விதிகளை இறுதிசெய்தது. அலமாரியில் பாதி தீர்ந்த டப்பா இன்னும் இருக்கும். கேரேஜ் வைத்திருப்பவர் எதையும் தூக்கிப்போடுவதில்லை.

பெரிய பட்டறைகளும் தப்பவில்லை. கஸ்டம் கார் உலகின் முடிசூடா மன்னராக இருந்த ஜார்ஜ் பாரிஸின் லின்வுட் பட்டறை 1957 டிசம்பரில் தீப்பற்றி எரிந்தது. உள்ளே நின்ற பத்துக்கும் மேற்பட்ட கார்கள் போயின. அந்தக் காலத்துப் பட்டறை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது சுலபம்: லாக்கர் பெயின்ட், தின்னர், அதில் ஊறிய துணி, மேலே பொறி. அந்தக் காலப் புகைப்படங்களை இன்று சுவரில் மாட்டும் சட்டங்களாக விற்கிறார்கள். பனியனோடு, வாயில் சிகரெட்டோடு, கண்ணாடியில்லாமல் கிரைண்டர் பிடித்திருக்கும் பையன். அழகான படம்தான். அவன் கண்ணில் பிறகு என்ன தெறித்தது என்பதைப் புகைப்படம் எடுத்தவர் காத்திருந்து பார்க்கவில்லை.

இப்போது கேரேஜுக்குள் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2021-இல் லாஸ் வேகஸில் சீமா எனப்படும் கார் உதிரிபாகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் 1978-ஆம் ஆண்டின் எஃப்-100 பிக்கப் ஒன்றில் இரண்டு மின் மோட்டார்களைப் பொருத்திக் காட்டியது. மொத்தம் 480 குதிரைசக்தி. அதே மோட்டாரைத் தனியாகப் பெட்டியில் போட்டும் விற்றது. மோதிய மின்கார்களின் பேட்டரியை வாங்கி வந்து பழைய வண்டிக்குள் வைப்பவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். முப்பதுகளில் பழைய இரும்புக் கடையில் வி-8 தேடியவர்களின் வாரிசுகள் இவர்கள் என்று சொல்லலாம்.

பெட்ரோல் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஆரஞ்சு நிற வயரில் நிற்கும் நானூறு வோல்ட்டுக்கு மணமில்லை, சத்தமில்லை. பேட்டரியைத் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். சில நிமிடங்கள் காத்திருந்து, அந்த வோல்ட்டேஜுக்கு ஏற்ற மீட்டரால் அளந்து பார்த்து, பூஜ்யம் என்று தெரிந்தபின்தான் தொட வேண்டும். ஆயிரம் வோல்ட் வரை பயன்படுத்தத் தகுந்த ரப்பர் கையுறை, அதற்குமேல் தோல் உறை, போடுவதற்கு முன் ஊதிப் பார்த்து ஓட்டை தேடுவது எல்லாம் உண்டு. மின்கார்ப் பட்டறைகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பேட்டரியைத் திறந்து வேலை செய்பவருக்குச் சற்றுத் தள்ளி வேறொருவர், மின்சாரம் கடத்தாத நீளமான கொக்கி ஒன்றைக் கையில் பிடித்தபடி நிற்பார். மின்சாரம் பிடித்துக்கொண்டால் ஆளைக் கையால் தொடாமல் இழுத்துப் போடுவதற்கு. நள்ளிரவில் 1932 ஃபோர்டுக்குள் பேட்டரி மாட்டும் கலிஃபோர்னியாக்காரருக்கு அந்தக் கொக்கி தபாலில் வந்துவிடும். பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது.